ஸ்டாப்வாட்சுக்கு அகப்படாத திறமை

பேஸ்பால் அணிக்கு இளம் ஆட்டக்காரர்களைத் தேடும் ஸ்கவுட்டின் எளிய வேலை இது: மட்டையில் பந்து படும்போது கட்டைவிரல் ஸ்டாப்வாட்சை அமுக்க வேண்டும். அடித்தவன் கால் முதல் பேஸை (ஓடிச் சேர வேண்டிய முதல் தளத்தை) மிதிக்கும்போது நிறுத்த வேண்டும். நடுவில் 90 அடி. வலதுகை பேட்டர் 4.3 விநாடியில் போய்ச் சேர்ந்தால், அமெரிக்காவின் உச்ச லீக்கான மேஜர் லீக் கணக்கில் சராசரி ஓட்டக்காரன். இடதுகை பேட்டர் முதல் பேஸுக்குக் கொஞ்சம் பக்கத்தில் நிற்கிறான், மட்டையைச் சுழற்றிய வேகமும் அவனை அந்தப் பக்கமே தள்ளிவிடுகிறது. அதனால் அவனுக்குச் சராசரி 4.2. வலதுகைக்காரன் 4.0-ஐத் தொட்டுவிட்டால் அதற்கு மேல் போட மதிப்பெண் கிடையாது.

இத்தனை எளிய வேலையிலும் ஆட்கள் தவறு செய்கிறார்கள். சத்தம் கேட்டபிறகு அமுக்குகிறவர் கையில் எல்லாப் பையன்களும் வேகக்காரர்கள் ஆகிவிடுவார்கள். கண்ணால் பார்த்து அமுக்க வேண்டும். பன்ட் (மட்டையைச் சுழற்றாமல் பந்தை மெல்லத் தொடுவது) தட்டிவிட்டு ஓடிய நேரம் கணக்கில் வராது. சில இடதுகைக்காரர்கள் மட்டையை வீசும்போதே ஓட ஆரம்பித்துவிடுவார்கள், அந்த நேரத்தையும் தனியாகத்தான் குறிக்க வேண்டும். இரண்டாம் பேஸ் நினைப்பில் வளைந்து ஓடியதும் சேராது. பந்து நேராக, இரண்டாம் மூன்றாம் பேஸ்களுக்கு நடுவே நிற்கும் ஷார்ட்ஸ்டாப் கைக்குப் போவதைப் பார்த்துவிட்டுப் பாதியில் தளர்ந்தவனின் 4.6, அவன் வேகத்தைப் பற்றி ஒன்றும் சொல்லாது. சுபாவத்தைப் பற்றி வேண்டுமானால் சொல்லும். குறைந்தது மூன்று நல்ல ஓட்டங்களாவது கிடைக்காமல் மதிப்பெண் எழுதக்கூடாது.

ஆனால் இது ஒரு வாரத்தில் கைவந்துவிடும் வேலை. பேட்டருக்குப் பின்னால் உட்காரும் கேட்சர் கையில் பந்து விழுந்ததிலிருந்து இரண்டாம் பேஸில் நிற்பவன் கைக்கு அது போய்ச்சேரும் நேரமும் இப்படித்தான்: 2.0 விநாடி சராசரி, 1.9 நன்று. பிட்சர் வீசும் வேகத்தை ரேடார் துப்பாக்கி காட்டிவிடும். எல்லா அணியும் இவற்றை ஒரே மாதிரிதான் அளக்கிறது, ஒரே எண்தான் வருகிறது. இளம் ஆட்டக்காரர்களை முறைவைத்துத் தேர்ந்தெடுக்கும் வருடாந்தர டிராஃப்டில் அணிகள் ஜெயிப்பதும் தோற்பதும் அளவுகோல் வைக்க முடியாத ஒரே ஒரு திறமையில்: நல்ல பிட்சர் வீசும் பந்தை, மரமட்டையில், மறுபடியும் மறுபடியும் பட வைப்பது.

ஐபிஎல் ஏலத்தைப் பார்த்துப் பழகிய கண்ணுக்கு இந்த டிராஃப்ட் விசித்திரமாகத் தெரியும். அங்கே வாங்கிய ஆள் அந்த சீசனிலேயே களத்தில் இருப்பார். இங்கே தேர்ந்தெடுத்த பையன்களில் பெரும்பாலானோர் மூன்று, நான்கு, ஐந்து வருடம் மேஜர் லீக்குக்குக் கீழேயுள்ள மைனர் லீக் பேருந்துகளில் கழிப்பார்கள். பாதிக்கும் மேற்பட்டவர்கள் மேஜர் லீக் புல்லை மிதிக்காமலே வீடு திரும்புவார்கள். 1965-இல் தொடங்கிய முறை. முன்பு ஐம்பது சுற்று, நாற்பது சுற்று என்று போனது. 2021-லிருந்து 20 சுற்று, 30 அணி, ஆக அறுநூறுக்குச் சற்று மேல் பெயர்கள். அமெரிக்கா, கனடா, போர்ட்டோ ரிக்கோவில் உயர்நிலைப் பள்ளி முடித்தவர்களை எடுக்கலாம். நான்காண்டுக் கல்லூரியில் சேர்ந்துவிட்டால் மூன்றாம் ஆண்டு முடிய வேண்டும், அல்லது 21 வயது நிரம்ப வேண்டும்.

மதிப்பெண் 20-லிருந்து 80 வரை. ஐம்பது என்றால் மேஜர் லீக் சராசரி. ஒவ்வொரு பத்தும் ஒரு திட்ட விலக்கம். எனவே 60 போட்டால், அந்தத் திறமையில் மேஜர் லீக்கில் ஆடுகிறவர்களில் ஏறத்தாழ மேல் ஆறில் ஒரு பங்கில் அவன் நிற்பான் என்று பொருள். புதிதாக எழுதுகிறவர்கள் சறுக்குவது இங்கேதான். பள்ளி ஆட்டத்தில் மற்ற எல்லோரையும்விடப் பிரமாதமாகத் தெரிகிறவனுக்கு 70 போட்டுவிடுவார்கள். பக்கத்தில் நிற்கும் பையனோடு ஒப்பிடுவது இந்த அளவுகோலின் வேலையே இல்லை. அதோடு ஒவ்வொரு திறமைக்கும் இரண்டு எண்: இன்றைக்கு எவ்வளவு, வளர்ந்து முடிந்தபின் எவ்வளவு. பள்ளிப் பையனின் பேட்டிங்குக்கு இன்றைய எண் 20 அல்லது 25 என்று எழுதக் கூச்சப்படக்கூடாது. நாளை காலை அவனை மேஜர் லீக் பிட்சர் முன்னால் நிறுத்தினால் அதுதான் உண்மை.

பேட்டருக்கு ஐந்து திறமை: பந்தைப் பட வைப்பது, பலமாக அடிப்பது, ஓட்டம், எறியும் கை, ஃபீல்டிங். முதலாவது தேறாவிட்டால் மற்ற நான்கும் பெஞ்சில் உட்கார்ந்திருக்கும். 2004-ஆம் ஆண்டு டிராஃப்டைப் பாருங்கள். முதல் தேர்வு சான் டியேகோவுக்கு. பணக் கணக்கும் சேர்ந்து, உள்ளூர்ப் பள்ளி ஷார்ட்ஸ்டாப் மாட் புஷ்ஷை எடுத்தார்கள். அவருடைய எறியும் கை சந்தேகமில்லாமல் அபாரம். மட்டை தேறவே இல்லை. கடைசியில் அவரை பிட்சராக மாற்ற வேண்டியிருந்தது. பல வருடம் கழித்து, 2016-இல், டெக்சாஸ் அணிக்காக மிக வேகமாக வீசும் ரிலீவராக (ஆட்ட நடுவில் மாற்றாக வரும் பிட்சராக) மேஜர் லீக் வந்தார். ஆக, கைக்குப் போட்ட மதிப்பெண் சரி. மட்டைக்குப் போட்டதுதான் தப்பு. இரண்டாவது தேர்வில் டெட்ராய்ட் எடுத்தவர், இந்தத் தலைமுறையின் தலைசிறந்த பிட்சர்களில் ஒருவரான ஜஸ்டின் வெர்லாண்டர்.

சரி, மட்டையை எப்படி மதிப்பிடுவது?

முதலில் உட்காரும் இடம். வலதுகை பேட்டரின் முகமும் கைகளும் முதல் பேஸ் பக்கத்திலிருந்துதான் தெரியும். இடதுகைக்காரனுக்கு மூன்றாம் பேஸ் பக்கம். பேட்டர் நிற்கும் ஹோம் பிளேட்டுக்கு நேர் பின்னால் ரேடார்க்காரர்களோடு உட்கார்ந்தால் பந்தின் வழி நன்றாகத் தெரியும், பேட்டரின் முதுகு மட்டும்தான் தெரியும். இரண்டு இடத்திலும் மாறி மாறி உட்கார வேண்டும்.

ஆட்டத்துக்கு முந்தைய பேட்டிங் பயிற்சியில் பலத்தைப் பார்க்கலாம், அவ்வளவுதான். மணிக்கு ஐம்பது அறுபது மைலில், தெரிந்த இடத்துக்கு, தெரிந்த பந்து வருகிறது. அதில் எல்லோரும் சூரர்கள். ஆட்டத்தில் பார்க்க வேண்டியது அவன் எப்படி அடித்தான் என்பதைவிட எப்படித் தவறவிட்டான் என்பது. ஸ்ட்ரைக் எல்லைக்கு (பேட்டர் அடிக்க வேண்டிய பகுதிக்கு) வெளியே தரையில் குத்திய, வளைந்து விலகும் ஸ்லைடரைத் துரத்தித் தவறவிட்டால் அது பொறுமைக் கோளாறு. வயது கொஞ்சம் சரிசெய்யும். எல்லைக்குள், நட்டநடுவே வந்த வேகப்பந்தைத் தவறவிட்டால் அது பெரிய கோளாறு. ஃபவுல் (ஆட்டக் கோட்டுக்கு வெளியே போகும் அடி) போகும் திசையையும் குறித்துக்கொள்ளுங்கள். நேர் பின்னால் வலையில் போய் மோதினால் நேரம் சரியாக இருந்தது, உயரம் மட்டும் ஒரு நூலிழை தப்பியது. வலதுகைக்காரன் வேகப்பந்தை ஒவ்வொரு முறையும் முதல் பேஸ் பக்கத்து டக்-அவுட்டுக்குத் தட்டிவிட்டால் அவன் தாமதம். 86 மைல் பந்துக்கே தாமதம் என்றால் 95-க்கு என்ன ஆகும்? 95 மைல் பந்து (மணிக்கு சுமார் 153 கிலோமீட்டர்) கையிலிருந்து கிளம்பி பிளேட்டைத் தொட 0.4 விநாடிதான் ஆகும். அதில் பாதிக்குள் முடிவெடுத்தாக வேண்டும்.

முன்காலையும் பார்க்கலாம். வேகப்பந்துக்கும் மெதுவான பந்துக்கும் ஒரே நேரத்தில் காலை ஊன்றி, எடையைப் பின்னால் வைத்துக்கொண்டு, கையை மட்டும் தாமதிக்கத் தெரிந்தவன் பந்தை அடையாளம் காண்கிறான். வளைபந்து வரும்போதெல்லாம் இடுப்பு முன்னால் சரிந்துவிட்டால் அவன் ஊகத்தில் அடிக்கிறான். உயர்நிலைப் பள்ளியில் எண்பது மைலைச் சுற்றி வீசுகிறவர்கள்தான் அதிகம் என்பதால் ஊகமே .450 சராசரி (நூறு முயற்சியில் 45 முறை ஹிட் அடிப்பது) தரும்.

உலோக மட்டை இன்னொரு திரை. கைப்பிடிக்குப் பக்கத்தில் பட்ட பந்தும் உலோகத்தில் இன்ஃபீல்டைத் தாண்டி விழுந்து ஹிட் ஆகிவிடும். மரத்தில் அதே பந்துக்கு மட்டை உடையும். 2011-இல் கல்லூரிகளில் மட்டையின் துள்ளலுக்குக் கட்டுப்பாடு வந்தபின் இந்த ஏமாற்று குறைந்தது, ஒழியவில்லை. அதனால்தான் கோடையில் மரமட்டையோடு நடக்கும் ஆட்டங்களுக்கு அவ்வளவு மரியாதை: கல்லூரிக்காரர்களுக்கு மாசசூசெட்ஸில் கேப் காட் லீக், பள்ளிப் பையன்களுக்குக் கலிபோர்னியாவில் ஏரியா கோட் போட்டி போன்றவை. பள்ளி சீசன் முழுதும் பார்த்த நூறு முறை பேட்டிங்கைவிட, நாடு முழுவதிலுமிருந்து வந்த நல்ல பிட்சர்கள் எதிரே மரமட்டையோடு ஆடிய முப்பது முறைக்கு எடை அதிகம். 2010-இல் வாஷிங்டன் முதல் தேர்வாக எடுத்த பிரைஸ் ஹார்ப்பர் இதைத் தெரிந்து செய்தது போல இருந்தது. பள்ளியைச் சீக்கிரம் முடித்துக்கொண்டு தெற்கு நெவாடாவில் ஓர் ஈராண்டுக் கல்லூரியில் சேர்ந்தார். அந்தக் கல்லூரி ஆடும் லீக்கில் மரமட்டைதான். 31 ஹோம் ரன் (பந்து வேலி தாண்டும் அடி). யாரும் கேள்வி கேட்க இடமே இல்லாமல் போயிற்று.

கல்லூரி ஆட்டக்காரர்களிடம் எண்கள் கிடைக்கும். அவற்றைத் திறந்து பார்க்கத் தெரிய வேண்டும். கல்லூரித் தொடர் வெள்ளி, சனி, ஞாயிறு என்று நடக்கும். வெள்ளியன்று அணியின் தலைசிறந்த பிட்சர். நடுவாரம் செவ்வாயன்று நாலாவது ஐந்தாவது ஆள். .380 வைத்திருக்கும் பையனின் கணக்கை நாள்வாரியாகப் பிரித்தால் சில சமயம் வெள்ளியில் .240-உம் செவ்வாயில் .500-உம் நிற்கும். வாங்குகிற அணிக்கு வேண்டியது வெள்ளிக்கிழமை எண். அப்புறம் மைதானம். நியூ மெக்சிகோ போல ஐயாயிரம் அடி உயரத்தில் காற்று லேசு, பந்து தானாகப் பறக்கும். எந்த கான்ஃபரன்ஸில் (கல்லூரி அணிகளின் லீக்கில்) ஆடினான் என்பதும் உண்டு. இதெல்லாம் கழித்தபின் மூன்று எண் போதும்: எல்லைக்குள் வந்த பந்தில் எத்தனை சதவீதம் தொட்டான், எல்லைக்கு வெளியே போனதில் எத்தனை சதவீதம் துரத்தினான், பந்து மட்டையைவிட்டுக் கிளம்பும் வேகத்தில் அவனுடைய மேல் பத்து சதவீதம் எங்கே தொடங்குகிறது. ஒரே ஒரு அதிகபட்ச வேகத்தைப் பிடித்துக்கொண்டு தொங்குகிறவர்கள் உண்டு. ஒரு நாள் ஒரு பந்து யாருக்கும் வாய்க்கும்.

கண் பார்ப்பதை எண்ணாக்க முயன்ற ஒரு நல்ல உதாரணம், பின்னாளில் நட்சத்திரமான மூக்கி பெட்ஸ். டென்னசி பள்ளிக்கூடத்துப் பையன், சிறிய உடம்பு. பாஸ்டன் அணி அவரை ஒரு கணினி விளையாட்டின் முன் உட்கார வைத்தது. திரையில் வரும் பந்தின் சுழற்சியைப் பார்த்து, அடிக்க வேண்டியதா விட வேண்டியதா என்று விசையைத் தட்ட வேண்டும். 2011-இல் ஐந்தாவது சுற்றில், 172-ஆவது ஆளாக எடுத்தார்கள். அந்த விளையாட்டு மட்டுமே அவரைக் கண்டுபிடித்தது என்று சொல்வது மிகை. ஆனால் உடம்பை அளந்த மற்றவர்கள் தவறவிட்டதை முடிவெடுக்கும் வேகத்தை அளந்தவர்கள் கவனித்தார்கள்.

வயதையும் மாதக் கணக்கில் எழுத வேண்டும். பள்ளி முடிக்கும் இரண்டு பையன்களில் ஒருவனுக்கு 17 வயது 8 மாதம், இன்னொருவனுக்கு 19 நெருங்குகிறது என்றால், இன்று இருவரும் சமமாக ஆடினால் இருவரும் சமமில்லை. மைக் ட்ரௌட், கார்லோஸ் கொரேயா, ஹார்ப்பர், 2025-இன் முதல் தேர்வு ஈலை வில்லிட்ஸ் எல்லோரும் டிராஃப்ட் அன்று பதினேழு வயதுக்காரர்கள். இந்தக் காலத்தின் மிகச் சிறந்த ஆட்டக்காரர்களில் ஒருவரான ட்ரௌட் 2009-இல் 25-ஆவது வரை இறங்கினார். நியூ ஜெர்சியில் வசந்த காலம் குளிரும் மழையுமாகவே போகும், ஆட்டங்கள் குறைவு, எதிரே வீசுகிறவர்களும் சுமார். பார்த்தவர்கள் நம்புவதற்குப் போதுமான அளவு பார்க்க முடியவில்லை. குளிர்ப் பிரதேசத்துப் பையனின் வளர்ச்சி தாமதமாகத் தெரியும் என்று தெரிந்தே எல்லோரும் செய்யும் தப்பு இது.

ஃபீல்டிங் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பள்ளியில் ஷார்ட்ஸ்டாப்பாக ஆடுகிறவன் பின்னால் மூன்றாம் பேஸுக்கோ அவுட்ஃபீல்டுக்கோ நகரலாம். பள்ளியிலேயே முதல் பேஸில் நிற்கிறவனுக்கு நகர இடமில்லை. மட்டை ஒன்றுதான் அவனுக்குச் சோறு போட வேண்டும்.

பிட்சர்கள் விஷயம் வேறு. இங்கே கருவிகளே முக்கால் வேலையைச் செய்துவிடுகின்றன. ஆபத்து தோளுக்கும் முழங்கைக்கும் நடுவே இருக்கிறது. வேகத்தை எந்த இன்னிங்ஸில் அளந்தீர்கள் என்று எழுதாத ரிப்போர்ட் வீண். கோடைக் காட்சி ஆட்டங்களில் ஒரே இன்னிங்ஸ் வீசிவிட்டுப் போகிறவன் 96 தொடுவான். அவனே ஐந்தாவது இன்னிங்ஸில் 90-க்கு இறங்கினால் ரிலீவராக முடிவான். இன்று மேஜர் லீக் வேகப்பந்தின் சராசரியே 94 மைலைத் தாண்டிவிட்டது, 92-இல் உட்காருகிறவனிடம் வேறு ஏதாவது விசேஷம் இருக்க வேண்டும்: பந்தை விடும் இடம் பிளேட்டுக்கு நெருக்கமாக இருப்பது, பந்து எதிர்பார்த்த அளவு கீழே இறங்காமல் மட்டைக்கு மேலே போவது.

பள்ளிப் பிட்சரின் சேஞ்ச்-அப்புக்கு (வேகப்பந்து போலவே வீசி மெதுவாக வரும் பந்துக்கு) மதிப்பெண் போடுவது தலைவலி. அவன் ஆட்டத்தில் அதை வீசவே மாட்டான், வீசவும் கூடாது. 93 மைலுக்குத் தாமதமாகும் பையனுக்கு 82-இல் ஒன்று போட்டால் அவனுக்கு உபகாரம் செய்தது போல. எனவே ஆட்டத்துக்கு முன் புல்பென்னில் வார்ம்-அப் செய்யும்போதே போய் நின்று பார்க்க வேண்டும். கை வேகம் குறையாமல் வீசுகிறானா என்பதை மட்டும் எழுதினால் போதும்.

வேகத்தைப் பயிற்சியால் கூட்ட முடியும் என்பது கடந்த பதினைந்து வருடத்தில் பலமாக நிரூபணமான விஷயம். ஷேன் பீபர் 2016-இல் நான்காவது சுற்று; கல்லூரியில் துல்லியத்துக்குப் பெயர், வேகத்துக்கு இல்லை. அணி வேகத்தைக் கூட்டியது, 2020-இல் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது. பின்னாளில் அதே விருது வென்ற ஜேக்கப் டிகிராம் 2010-இல் ஒன்பதாவது சுற்று. கல்லூரியில் பெரும்பாலும் ஷார்ட்ஸ்டாப், பிட்சராக மாறியதே அந்த வருடம்தான். பழகாத கை, நல்ல உடம்பு, லாகவமான வீச்சு. இப்படிப்பட்டவர்களைத்தான் பின்சுற்றுகளில் தேட வேண்டும்.

முதல் சுற்றில் எச்சரிக்கை வேண்டும். 2025 வரை எந்தப் பள்ளி வலதுகை பிட்சரும் டிராஃப்டின் முதல் ஆளாகப் போனதில்லை. போன மூன்று பள்ளிப் பிட்சர்களும் இடதுகை: 1973-இல் டேவிட் கிளைட், 1991-இல் பிரையன் டெய்லர், 2014-இல் பிரேடி ஏக்கன். மூவரும் எதிர்பார்த்தபடி தேறவில்லை; மூன்று பெயரும் ஸ்கவுட்டுகளைப் பயமுறுத்தச் சொல்லப்படும் பெயர்கள். கல்லூரிப் பிட்சரும் முழு உத்தரவாதம் இல்லை. 2013-இல் ஹூஸ்டன் முதலில் மார்க் ஆப்பலை எடுத்தது. அடுத்ததாக சிகாகோ கப்ஸ் எடுத்த கிரிஸ் பிரையன்ட் அந்த ஆண்டு கல்லூரியில் 31 ஹோம் ரன் அடித்திருந்தார், பல கல்லூரிகளின் முழு அணியும் அவ்வளவு அடிக்கவில்லை. பிரையன்ட் 2016-இல், மேஜர் லீக்கின் ஒரு பாதியான நேஷனல் லீக்கின் எம்விபி (மிகச் சிறந்த ஆட்டக்காரர்). ஆப்பல் மேஜர் லீக் வந்தது 2022-இல், முப்பது வயதில். மறுபக்கம் 2023-இல் பிட்ஸ்பர்க் எடுத்த பால் ஸ்கீன்ஸ், அடுத்த ஆண்டே புதுமுக விருது, அதற்கடுத்த ஆண்டு சை யங்.

மருத்துவ அறிக்கை இல்லாமல் பிட்சரை வாங்குவது, பானெட்டைத் திறக்காமல் பழைய கார் வாங்குவது மாதிரி. ஏக்கன் விஷயத்தில் நடந்ததைப் பார்த்தால் பணமும் மருத்துவமும் எப்படிப் பின்னிக் கிடக்கின்றன என்று புரியும். ஒவ்வொரு அணிக்கும் முதல் பத்துச் சுற்றுக்கு மொத்தமாக ஒரு தொகை உண்டு. ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு விலை குறிக்கப்பட்டிருக்கும், அவற்றின் கூட்டுத்தொகைதான் அது. ஒரு பையன் கையெழுத்திடாவிட்டால் அவன் இடத்துக்கான தொகை மொத்தத்திலிருந்து காணாமல் போய்விடும். 2014-இல் ஹூஸ்டன் ஏக்கனின் முழங்கைப் பரிசோதனையைப் பார்த்தபின் தொகையைக் குறைத்தது, பேச்சு முறிந்தது. ஏக்கனுக்குக் கொடுப்பதில் மிச்சம் பிடித்து ஐந்தாவது சுற்றுப் பிட்சர் ஜேக்கப் நிக்ஸுக்குப் பேசி வைத்திருந்த பணமும் கூடவே போயிற்று, நிக்ஸும் வரவில்லை. அடுத்த மார்ச்சில் ஏக்கனுக்கு முழங்கை தசைநார் அறுவை. ஈடாக 2015-இல் கிடைத்த இரண்டாவது தேர்வில் ஹூஸ்டன் எடுத்தது அலெக்ஸ் பிரெக்மனை, பந்தைத் தொடும் திறமைக்குப் பெயர்போன கல்லூரி ஷார்ட்ஸ்டாப்பை. இப்போது டிராஃப்டுக்கு முன்பே பரிசோதனைக்கு உட்பட்டவனுக்கு, அவன் இடத்து விலையில் 75 சதவீதமாவது கொடுத்தாக வேண்டும் என்று விதி வந்துவிட்டது.

மொத்தத் தொகையை 5 சதவீதத்துக்கு மேல் தாண்டினால் அடுத்த ஆண்டின் முதல் சுற்றுத் தேர்வு போய்விடும். இதுவரை எந்த அணியும் அந்தக் கோட்டைத் தாண்டியதில்லை. ஐந்து சதவீதம் வரை வரி கட்டிவிட்டு ஆடுகிறவர்கள் நிறைய. ஆகவே மதிப்பெண்ணோடு விலையும் ரிப்போர்ட்டில் இருக்க வேண்டும். பள்ளிப் பையன் எந்தக் கல்லூரிக்கு வாக்குக் கொடுத்திருக்கிறான், வீட்டில் படிப்புக்கு எவ்வளவு மதிப்பு, எவ்வளவு கொடுத்தால் கையெழுத்திடுவான்? இதைக் கறந்து வருவது ஏரியா ஸ்கவுட்டின் வேலை. வீட்டு வரவேற்பறையில் தகப்பனார் சொல்லும் முதல் எண் எப்போதும் நிஜமான எண் இல்லை. அதற்காக அதைப் பொய் என்று தள்ளிவிட்டாலும், டிராஃப்ட் நடக்கும் ஜூலையில் கைவிரல் சுடும்.

இதை அழகாகக் கையாண்டதும் அதே ஹூஸ்டன்தான், 2012-இல். முதல் தேர்வின் குறிப்பிட்ட விலை 72 லட்சம் டாலர். கொரேயா 48 லட்சத்துக்குச் சம்மதித்தார். மிச்சம் 24 லட்சம். அதை வைத்து 41-ஆவது தேர்வில் லான்ஸ் மெக்கல்லர்ஸுக்கு 25 லட்சம் கொடுத்தார்கள். அந்த இடத்து விலை அதில் பாதிதான். நான்காவது சுற்றில் ரியோ ரூயிஸுக்கும் விலையைவிடப் பல மடங்கு போயிற்று. கொரேயாவும் மெக்கல்லர்ஸும் 2017 சாம்பியன் அணியில் இருந்தார்கள். எதிரணி கேட்சரின் சைகைகளைத் திருடியதாக அந்தப் பட்டத்தைச் சுற்றி எழுந்த விவகாரம் தனிக்கதை. டிராஃப்ட் வேலையில் குறையில்லை.

இப்போது எல்லா அணியும் இதைச் செய்கிறது. ஆறாவது சுற்றிலிருந்து பத்தாவது சுற்று வரை படிப்பு முடித்த நான்காம் ஆண்டுக்காரர்களின் பெயர் வரிசையாக வந்தால், அவர்களுக்குப் பேரம் பேச வேறு வழி இல்லாததால் சில ஆயிரம் டாலருக்கே கையெழுத்திடுவார்கள் என்று பொருள். அந்த மிச்சம் மேலே யாருக்கோ போகிறது. பதினோராவது சுற்றிலிருந்து 1,50,000 டாலர் வரை கொடுத்தால் மொத்தக் கணக்கில் ஏறாது. அந்த இரவு முழுக்க ஸ்கவுட்டுகள் தொலைபேசியில்தான் இருப்பார்கள்: இன்ன தொகை, இன்ன சுற்று, சரியா? முடியாது என்று பதில் வந்தால் பலகையில் அந்தப் பெயர் எழுதிய காந்த வில்லையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, அடுத்த எண்ணை அழைக்க வேண்டியதுதான்.